இழவு வீட்டில் சொல்லிக்கொண்டு போனவர்கள்

"எங்க குரூப்ல அஞ்சு வருஷமா ஒரு சாவு விழல, தெரியுமா?"

பூங்கோதை இதைச் சொல்லாத ஆள் உறையூரில் பாக்கியில்லை. கீரைக்காரியிடம் சொன்னாள், பல் டாக்டரிடம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே சொன்னாள், பேங்கில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாதவர்களிடமும் சொன்னாள். ஆறு கிழவிகள், எல்லாரும் எழுபதைத் தாண்டியவர்கள், ஒருத்திகூடப் பொட்டென்று போகவில்லை. அவள் புருஷன் தியாகராசன்தான் தலையில் அடித்துக்கொள்வார். "சும்மா இருடி, உன் கண்ணே பட்டுடப் போகுது" என்பார்.

குழுவின் பெயர் 'மூணுமணி'. 'கூடம்' என்ற செயலி சேர்த்துவைத்த சேர்க்கை அது. ஊர் ஊராக மத்தியான வேளையில் பேச ஆளில்லாமல் கிடந்த பெண்களை அது ஆறாறு பேராகப் பிடித்துப் போட்டுக் கோத்தது. சேலத்துத் தேன்மொழி, நாகர்கோவில் எஸ்தர், ஆம்பூர் மெகருன்னிசா, மும்பை மாட்டுங்காவிலிருந்து சுலோசனா, பாளையங்கோட்டை சண்முகவடிவு, திருச்சியில் நம் பூங்கோதை. ஒருத்தரை ஒருத்தர் நேரில் பார்த்தது கிடையாது. மத்தியானப் பாத்திரம் கழுவிக் கவிழ்த்தபின், பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்கு முன், மூன்று மணிக்கு ஆறு பேரும் குரலில் கூடுவார்கள்.

என்ன பேசுவார்கள் என்கிறீர்களா? உலகத்தில் உருப்படியான எதுவும் இல்லை. பேரனுக்குப் பல் விழுந்தது, மாவு பொங்கவில்லை, சுலோசனாவின் மருமகள் சாம்பாரில் சர்க்கரை போடுகிறாள், மெகருன்னிசாவின் சம்பந்தி கல்யாணத்துக்குக் கூப்பிடாமல் விட்டுவிட்டாள். தேன்மொழி மட்டும் கடுகடுவென்று இருப்பாள். யார் எதைச் சொன்னாலும் "அதான் நான் அப்பவே சொன்னேனே" என்பாள். அவளைக் குழுவிலிருந்து தூக்கிவிடலாமா என்றுகூட மற்றவர்கள் ஒரு தடவை யோசித்ததுண்டு.

நாலு மணிக்கு எல்லாரும் கலைந்தபிறகு வடிவு தனியாகக் கூப்பிடுவாள். அது வேறு கணக்கு. ஐந்து வருஷத்துக்கு முன், அம்மா போன துக்கத்தில் பூங்கோதை இரண்டு மாதம் வாயே திறக்காமல் கிடந்தபோது, தினமும் கூப்பிட்டு, இவள் பதில் சொல்லாவிட்டாலும் அரைமணி நேரம் தன்பாட்டுக்குப் பேசிவிட்டு வைத்தவள் வடிவு. "ஏட்டி, நீ பேசாண்டாம். ஊங் கொட்டு, போதும்" என்றாள். முதல் ஊங்காரம் பதினேழாம் நாள் வந்தது. பேச்சு திரும்பிய நாளிலிருந்து, கூடப்பிறந்தவளிடம் சொல்லாததையும் பூங்கோதை வடிவிடம் சொன்னாள்.

வைகாசியில் தியாகராசன் போய்ச் சேர்ந்தார். காலையில் பேப்பர் படித்தவர், பேப்பரை மடித்து வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவுதான். மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்த ஆண்கள் முன்னறையில் படுத்துக் கிடந்தார்கள். பூங்கோதை உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மூணுமணியைத் திறந்தாள்.

"எங்க வீட்டுக்காரர் போயிட்டார்" என்றாள்.

எல்லாரும் பதறினார்கள். எஸ்தர் "ஐயோ மக்களே" என்றாள். மெகருன்னிசா சத்தம்போட்டு அழுதாள். சுலோசனா தைரியமாக இருக்கச் சொன்னாள். வடிவு, "என்னட்டி சொல்லுத, அண்ணாச்சி போயிட்டாவளா! அழாதட்டி, நான் இருக்கேம்லா" என்றாள். அந்தக் குரலைக் கேட்டதும் மூன்று நாளாக வராத அழுகை பூங்கோதைக்குப் பொத்துக்கொண்டு வந்தது. தேன்மொழி ஒன்றுமே பேசவில்லை. அவள் மூக்கு உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பேச்சு மெல்லப் பேரப்பிள்ளைகள் பக்கம் திரும்பியது. நம்மைத் தேற்றத்தான் மாற்றுகிறார்கள் என்று பூங்கோதை நினைத்துக்கொண்டாள்.

பிறகு கலைந்தார்கள். "சரி பூங்கோதை, வரட்டுமா" என்றாள் சுலோசனா. "போய்ட்டு வாறேன் மக்களே" என்றாள் எஸ்தர். "வர்றேன்மா" என்றாள் மெகருன்னிசா. "அப்போ வாரேன்ட்டி" என்றாள் வடிவு.

தேன்மொழி மட்டும் ஒரு வார்த்தை சொல்லாமல் துண்டித்துக்கொண்டாள்.

பூங்கோதை போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் முப்பத்து நாலு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். ஊர்ப்பட்ட குரல்களை இணைத்தும் துண்டித்தும் பழகிய காது அவளுடையது. யாருக்கு ஜுரம், யார் பொய் சொல்கிறார்கள், யார் பக்கத்தில் மாமியார் நிற்கிறாள் என்பதெல்லாம் அந்தக் காதுக்குத் தெரிந்துவிடும். அந்தக் காதில் இப்போது என்னவோ நெருடியது.

இழவு வீட்டிலிருந்து கிளம்பும்போது யாராவது 'வரேன்' என்று சொல்வார்களா? இன்னொரு சாவுக்கு வரேன் என்று அர்த்தமாகிவிடும் என்று பச்சைப் பிள்ளைக்குக்கூடச் சொல்லிக்கொடுத்துத்தானே கூட்டிப் போகிறோம்? துக்கம் கேட்டுவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். எழுபது வயதுக் கிழவி ஒருத்தி வாய் தவறலாம். நாலு பேருமா வாய் தவறுவார்கள்? நாலு பேரும் ஆளுக்கு ஆள் வாசலில் நின்று சொல்லிக்கொண்டு போயிருக்கிறார்கள். முறை தெரிந்து எழுந்து போனவள் அந்தக் கடுகடுத் தேன்மொழி ஒருத்திதான்.

ஐந்து வருஷமாக ஒரு சாவு விழவில்லை. எப்படி விழாமல் இருக்கும்? எல்லாரும் எழுபது தாண்டியவர்கள். அப்படியானால் வரேன் என்று சொல்லிவிட்டுப் போனது யார்?

மருமகள் நிதிலா காபி கொண்டுவந்தாள். பின்னாலேயே மொட்டைத் தலையோடு மகன் கபிலனும் வந்தான்.

"நிதிலா, இந்த குரூப்ல யார் யார் உசிரோட இருக்காங்க?"

நிதிலா டபராவைக் கட்டில் பக்கத்தில் வைத்தாள். "என்ன அத்தை கேக்கறீங்க?"

"சுத்தி வளைக்காதே. உன் முகத்தைப் பார்த்தாலே தெரியுது. சொல்லு."

நிதிலா கபிலனைப் பார்த்தாள். கபிலன், "அம்மா, இப்ப எதுக்கும்மா இதெல்லாம்? அப்பா போய் மூணு நாள்தான் ஆகுது" என்றான். பூங்கோதை அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் மார்க் ஷீட்டை ஒளித்து வைத்தபோது பார்த்த அதே பார்வை. அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"உடன்குரல்னு ஒண்ணு இருக்கும்மா. கூடம் ஆளுங்க பண்ணினது. நீங்க அஞ்சு வருஷமா பேசினதையெல்லாம் அது கேட்டு வெச்சிருக்கு. உங்கள்ல ஒருத்தருக்கு ஒண்ணு ஆயிட்டா அவங்க குரல்ல அதுவே பேசிக்கிட்டிருக்கும். பேரன் பேத்தி பேர், மருமக சண்டை, எல்லாம் அதுக்குத் தெரியும்."

"எதுக்கு?"

"வயசானவங்க குழுவுல ஒருத்தர் போயிட்டா, ஆறு மாசத்துல இன்னொருத்தரும் படுத்துடறாங்களாம். கணக்கெடுத்துப் பார்த்திருக்காங்க. அதனால சாவுச் செய்தியை உள்ளயே விடறதில்ல. எல்லா வீட்டுலயும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கோம்."

"நீயும் போட்டியா?"

"நானும்தான்."

"அப்ப இந்த நாலு பேரும்…"

"யாரு இருக்காங்க, யாரு இல்லன்னு நமக்குத் தெரியாதும்மா. கேட்டாலும் சொல்ல மாட்டாங்க. அதுதான் ஏற்பாடே. சில பேருக்கு உடம்பு முடியாம இருந்தாக்கூட வீட்டுல அதைப் போட்டு விட்டுடறாங்க."

"அவ்வளவு தெரிஞ்ச சனியனுக்கு இழவு வீட்டுல வரேன்னு சொல்லக்கூடாதுன்னு தெரியலையா?"

இப்போது நிதிலாதான் பதில் சொன்னாள். "உங்க பேச்சைக் கேட்டுத்தானே அத்தை அது கத்துக்கிச்சு. உங்க குரூப்ல யாரும் சாவைப் பத்திப் பேசினதே இல்லையே. பேசவே விடலையே. பின்ன எப்படித் தெரியும்?"

பூங்கோதை எழுந்து நின்றாள். போன வருஷம் முறிந்த இடுப்பில் வைத்த பிளேட் வலித்தது. "மனுஷ ஜென்மத்தை இப்படி ஏமாத்துவீங்களாடா? பொணத்தோட பேச விட்டுட்டு வேடிக்கை பார்த்தீங்களா?"

"நீ பண்ணலையாம்மா?" என்றான் கபிலன். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் கஷ்டம். "சின்ன மாமா செத்தப்போ பாட்டிகிட்ட சொன்னியா? ரெண்டு வருஷம், மாமா சிங்கப்பூர்ல இருக்கார்னே சொல்லிட்டிருந்தே. மாமா எழுதின மாதிரி நீயே லெட்டர் எழுதிப் படிச்சுக் காட்டினே. நான் பக்கத்துல உக்காந்து கேட்டிருக்கேன். பாட்டி சந்தோஷமாத்தானே போனாங்க?"

"அது வேற."

"எப்படி வேற?"

காபி ஆறிப்போயிற்று.

எஸ்தரும் மெகருன்னிசாவும் சுலோசனாவும் இருக்கட்டும். கேட்டால் பாவம் என்பீர்கள், ஆனால் அவளுக்கு அந்த நேரத்தில் அவர்களைப் பற்றிக் கவலையில்லை. வடிவு இருக்கிறாளா? அது ஒன்று தெரிந்தால் போதும். வடிவுக்கு வாய் ஓயாது. பழக்கதோஷத்தில் வரேன் என்று சொல்லியிருக்கலாம். மற்ற மூன்று பேரும் சொன்னதைக் கேட்டு, அந்த வாக்கில் சொல்லியிருக்கலாம். செத்த வீட்டு முறையெல்லாம் பார்க்காத அளவுக்கு அவளும் பதறிப் போயிருக்கலாம். இப்படி ஆயிரம் 'லாம்' போட்டுப் பார்த்தாள்.

மூன்று நாள் குழுப்பக்கமே போகவில்லை. நாலு மணிக்கு வடிவு கூப்பிட்டபோதும் எடுக்கவில்லை. நாலாம் நாள் எடுத்தாள்.

"ஏட்டி, மூணு நாளா எங்க போய்த் தொலைஞ்ச? பயந்துட்டேன்லா."

எத்தனை இதமான குரல்! முதலெழுத்தில் ஒரு சின்னக் கரகரப்பு, வெற்றிலை போட்ட வாய்க்கே உரிய ஈரம், எல்லாம் அப்படியே இருந்தன. எக்ஸ்சேஞ்சில் பழகிய காது பொய் பேசுகிறவளைக் கண்டுபிடித்துவிடும். இங்கே பொய் பேச ஆளே இல்லையே, எதைக் கண்டுபிடிக்கும்?

"வடிவு, ஒண்ணு கேக்கறேன். நீ உசிரோட இருக்கியா?"

"நல்ல கேள்வி கேட்ட போ! ஒனக்கு இன்னும் தூக்கம் சரியில்லட்டி. ஒம் பேத்தி யாழினி பரீட்சை எப்படி எழுதியிருக்கா?"

"நீ செத்துட்டியா, இல்லையா? அதைச் சொல்லு."

"இன்னைக்கு இங்க என்ன வெயிலுட்டி! வத்தல் ஒரே நாள்ல காஞ்சுட்டு. நீ இந்த வருசம் வத்தல் போட்டியா?"

பூங்கோதை கேட்டுக்கொண்டே இருந்தாள். ஊங் கொட்டவில்லை. அரைமணி நேரம் பேசிவிட்டுக் குரல் போய்விட்டது.

பாளையங்கோட்டைக்குப் போய்விடலாம் என்று துடித்தாள். பதினாறாம் நாள் காரியம் முடியாமல் புருஷனை இழந்தவள் வாசல் படி இறங்க முடியுமா? எழுபத்து நாலு வயதில் முறை மீறுகிற தைரியம் அவளுக்கு இல்லை. ஆனால் எண்கள் மறக்காத மண்டை அவளுடையது. இரண்டு வருஷத்துக்கு முன் வடிவு சுண்டைக்காய் வற்றல் அனுப்பியிருந்தாள். கூரியர் உறையில் அனுப்புநர் எண் என்று வடிவின் மகள் செண்பகத்தின் எண் இருந்தது. ஒரு தடவை பார்த்ததுதான். அப்படியே நினைவிலிருந்து அடித்தாள். நிதிலா நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

"திருச்சி பூங்கோதை பேசறேம்மா. உங்கம்மா சிநேகிதி."

"சித்தி!" என்றது எதிர்முனைக் குரல். "நல்லாருக்கியளா? எத்தனையோ நாளு உங்ககிட்ட பேசணும்னு நெனைச்சேன். அந்த ஏற்பாட்டுல உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு போட்டுருந்ததுல, அதான்… உங்களுக்குத் தெரிஞ்சுட்டா?"

"தெரிஞ்சுடுச்சும்மா" என்றாள் பூங்கோதை. "எப்போ?"

"போன ஆடி. பதினெட்டாம் பெருக்கு அன்னைக்கு."

பத்து மாதம். பத்து மாதமாகத் தினம் நாலு மணிக்குப் பேசியிருக்கிறாள். புருஷனுக்கு மூச்சு வாங்குவதைச் சொல்லி அழுதிருக்கிறாள். போன பொங்கலுக்கு என்ன புடவை எடுத்தாள் என்று சொல்லியிருக்கிறாள். தோழி செத்த அன்று சொட்டுக் கண்ணீர் விடவில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளவில்லை.

"நீங்க கவலப்படாதிய சித்தி" என்றாள் செண்பகம். "கடைசி மூணு நாளும் அம்மா உங்ககூடத்தான பேசிக்கிட்டுக் கெடந்தா. எங்ககிட்டகூட அவ்வளவு பேசல. போனைக் காதுலயிருந்து எடுக்கவே விடல."

"என் கூடவா?"

"ஆமா சித்தி. ஆடி பதினஞ்சுலேருந்து."

அதே ஆடி பத்தாம் தேதிதான் பூங்கோதை குளியலறையில் விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்து, நுரையீரலில் சளி கட்டி, பதினோரு நாள் தொண்டையில் குழாயோடு ஆஸ்பத்திரியில் தூங்க வைத்திருந்தார்கள். ஆடி பதினைந்தில் அவளுக்குத் தன் பேரே தெரியாது. வீடு திரும்பிக் குழுவைத் திறந்த அன்று, இத்தனை நாள் எங்கடி போனாய் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. அதற்காக அவள் இரண்டு நாள் முறைத்துக்கொண்டு இருந்தாள். ஏன் கேட்கவில்லை என்பது இப்போதுதான் உறைத்தது. அவர்களைப் பொறுத்தவரை அவள் எங்கேயும் போயிருக்கவில்லை.

நிமிர்ந்து நிதிலாவைப் பார்த்தாள். நிதிலா முகத்தைப் பொத்திக்கொண்டாள். "நீங்க பிழைப்பீங்களான்னே தெரியல அத்தை… அவங்கெல்லாம் பயப்பட வேண்டாம்னுதான் உடன்குரலைப் போட்டு விட்டோம்."

"என்ன பேசினோம்?" என்று பூங்கோதை போனில் கேட்டாள். "வயசாயிடுச்சும்மா. எனக்குச் சரியா நினைப்பில்ல."

செண்பகம் தயங்கினாள். "கேக்கலாமான்னு தெரியல. இது ரொம்ப நாளா மனசுல கெடக்கு. அம்மா உங்ககிட்ட, 'ஏட்டி, நான் பொழைக்க மாட்டேன், எனக்குப் பயமா இருக்கு'ன்னு சொன்னா. நாலஞ்சு தடவ சொன்னா. ஒவ்வொரு தடவையும் நீங்க பேச்ச மாத்திட்டிய. பேத்தி டான்ஸ் கிளாஸ் போறா, முருங்கைக்காய் முத்திப் போச்சுன்னு என்னென்னவோ சொன்னிய. அம்மா அழுதுகிட்டே, 'ஒரு வார்த்தை எனக்காக அழேன்ட்டி'ன்னு கேட்டா. அதுக்கும் நீங்க சிரிச்சிய. சித்தி, தப்பா எடுத்துக்காதிய, எனக்கு அன்னைக்கு உங்கமேல ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு."

பூங்கோதை போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஆனா அம்மா என்னையத்தான் வஞ்சா. 'அவளுக்கு என்னைய விடப் பயம்ட்டி. நான் போறத அவளால தாங்க முடியல, அதான் என்னத்தையோ உளறுதா. அவ மனசு எனக்குத் தெரியாதா'ன்னா. அதுக்கப்புறம் தனக்குப் பயம்னே சொல்லல சித்தி. உங்கள தேத்த ஆரம்பிச்சுட்டா. அடுத்த ரெண்டு நாளும் அதே வேலதான். 'நான் போனா வாயடைச்சுப் போயிராதட்டி. முன்னால மாதிரி ரெண்டு மாசம் கெடந்துராத. ஒன் கொரலைக் கேக்க அங்க யாராச்சும் இருப்பாக, பேசு. மருமவ நல்ல புள்ள, அவகிட்ட பேசு'ன்னு மூச்சு வாங்க வாங்கச் சொன்னா. நீங்க அதுக்கும் முருங்கைக்காய்தான் சொன்னிய. அம்மா, 'சரிட்டி, சரிட்டி'ன்னுக்கிட்டே கண்ண மூடிட்டா."

சாகப்போகிற நேரத்தில் தன் பயத்தை விழுங்கிவிட்டு, காற்றை உட்காரவைத்துத் தேற்றிவிட்டுப் போயிருக்கிறாள் வடிவு. அந்த வார்த்தைகளில் ஒன்றுகூட, போய்ச் சேரவேண்டிய காதுக்குப் பத்து மாதமாக வந்து சேரவில்லை. அது நான் இல்லையம்மா, நான் குழாயோடு கிடந்தேன், உங்கம்மா அழுதது ஒரு மெஷினிடம் என்று சொல்வதற்குப் பூங்கோதை வாயைத் திறந்தாள். அப்படிச் சொன்னால், செண்பகத்துக்கு அம்மாவின் கடைசி மூன்று நாள் என்னவாகும்?

"சித்தி" என்றாள் செண்பகம். அவள் குரல் இப்போது சின்னப் பெண்ணின் குரலாக இருந்தது. "அம்மா சொன்னது நெசந்தான? நீங்க பயந்து போய்த்தான அப்படிப் பேசினிய?"

பூங்கோதை கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆமாம்மா" என்றாள். "ரொம்பப் பயந்துட்டேன்."

"அதான் சித்தி, அம்மா சொன்னது சரியாப் போச்சு" என்று செண்பகம் அழுதாள். அவள் நம்பிவிட்டாள்.